தொலைபேசியில் இருந்த அம்மா

இன்று மத்தியானம் ரஜனி அன்ரி தோடம்பழம் உரித்தார். நான் வேலை செய்யும் டேக்கவுட் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கச் சமையலறையில் எப்போதும் எண்ணெயும் வெங்காயமும்தான் மணக்கும். அன்ரி அந்தச் சின்ன ஆரஞ்சுப் பழத்தின் தோலில் நகத்தை வைத்ததும், எண்ணெய் மணத்தையெல்லாம் தாண்டிக்கொண்டு அது என்னிடம் வந்தது. ரோல்ஸ் உருட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி, பேயைக் கண்டனியோ?" என்று கேட்டார் அன்ரி. "இந்தா, ரெண்டு சுளை தின்."

வாங்கித் தின்றேன். கண்ணில் வந்த நீருக்கான பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டேன். அந்த வேலையில் அது ஒரு வசதி.

உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த சொந்த விஷயம் அது ஒன்றுதான். வியாழக்கிழமைகளில் நான் மனநல ஆலோசனைக்கு உங்கள் அறைக்குள் வருவதற்குச் சற்று முன் நீங்கள் தோடம்பழம் சாப்பிட்டிருப்பீர்கள். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டரின் சூட்டில் அந்த மணம் அறையில் தங்கி நிற்கும். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, எந்த ஊர், எந்தக் கோயில், எதுவும் தெரியாது. கேட்டால், "அதை அறிய வேணும்போல இருக்குதோ?" என்று திருப்பிக் கேட்பீர்கள். எனக்கு அது முதலில் பெரிய எரிச்சல். எங்கள் ஆட்களில் ஒருவரைச் சந்தித்து ஐந்து நிமிடத்தில் அவருடைய ஊரும் வேலையும் வீட்டு வாடகையும் தெரிந்துவிடும். நீங்கள் எப்படி அப்படி இருந்தீர்கள் என்று அப்போது விளங்கவில்லை.

முதல் நாள் அம்மாவும் கூட வந்தார். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் இரண்டாம் மாடி. கீழே நகைக்கடை. உங்கள் அறையில் இரண்டு கதிரைகள்தான். அம்மா எனக்கு முன்னால் போய் எனக்கான கதிரையில் அமர்ந்துகொண்டார். நான் கதவடியில் நின்றேன்.

"இவள் கதைக்க மாட்டாள், டொக்டர். என்னட்டக் கேளுங்கோ, நான் எல்லாம் சொல்லுறன். பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டாள். வீட்டிலயும் பத்துக் கேட்டால் ஒண்டுக்குத்தான் பதில். ஏதும் குளிசை எழுதித் தாங்கோவன்."

"நான் மருந்து தாறேல்லை அம்மா. இஞ்ச கதைக்கிறது மட்டும்தான்."

"ஐயோ, அதைத்தானே இவள் செய்யிறாளில்லை!"

நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் இருந்து பாக்கிறம்," என்றீர்கள். அம்மாவை வெளியே இருக்கும்படி கேட்டீர்கள். அவர் போகும்போது கதவை முழுதாகச் சாத்தவில்லை. நீங்கள் எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தீர்கள்.

உங்களை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். வேறு என்ன என்று கூப்பிடுவது? "கூப்பிட விருப்பமெண்டால் கூப்பிடும்," என்றீர்கள். "ஆனா ஒண்டு. மற்ற அன்ரிமாரைப்போல நான் உம்மட அம்மாவோட ஃபோனில கதைக்க மாட்டன்."

அன்று நான் வேறொன்றும் பேசவில்லை. ஆனால் திரும்பி வருவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியில் யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனநலம் பார்க்கும் இடத்துக்குப் பிள்ளை போகிறது என்று தெரிந்தால் சனம் என்ன சொல்லும்? அதனால் வியாழக்கிழமைகளில் நான் பல் டொக்டரிடம் போகிறேன் என்று வேலையில் சொல்லி வைத்திருந்தேன். சில மாதங்கள் போனதும் ரஜனி அன்ரி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "எத்தினை பல்லடி உனக்கு? முதலையோ நீ?" என்றார். அதை உங்களிடம் சொன்னபோது உங்கள் தோள் குலுங்கியது. முகத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தீர்கள். நீங்கள் சிரிப்பை அடக்கியதை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

நான் உங்களிடம் சொன்ன முதல் முழு வசனம் இது: "பதினெட்டு வயசு வந்தவுடன நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போயிடுவன்."

"போய்?"

"சித்தியோட இருப்பன்."

"இஞ்ச ஆரை விட்டிட்டுப் போவீர்?"

"ஒருத்தரையும் இல்லை."

நீங்கள் அதை மறுக்கவில்லை. போ என்றோ போகாதே என்றோ அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே அம்மா குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே இருந்துகொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

நீங்கள் எப்போதும் சரியாகச் சொன்னீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடத்தை நான் விட்டதற்குச் சித்தியைப் பிரிந்த கவலைதான் காரணமோ என்று ஒருநாள் கேட்டீர்கள். இல்லை. பத்தாம் வகுப்பில் முன்னால் நின்று பேச வேண்டி வந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் தன் கைபேசியில் அதைப் படம் பிடித்தாள். அடுத்த வருடம் நான் போகவில்லை. அம்மாவுக்கு அதிகாலை வேலை, நான் வீட்டிலேயே நிற்பது அவருக்கு நெடுநாள் தெரியாது. இதைச் சொன்னதும், "அப்ப நான் பிழையா நினைச்சிட்டன்," என்றீர்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அதன் பிறகுதான் நான் உங்களை நம்பினேன் என்று நினைக்கிறேன்.

சித்தியின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அப்பா போரின் கடைசியில் இல்லாமல் போனார். எனக்கு அவர் முகம் நினைவில்லை. நான்கு வயதில் அம்மா என்னைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்தார். அகதி வழக்கு முடிந்து, பத்திரங்கள் சரியாகி, என்னைக் கூப்பிடும்போது எனக்குப் பத்து வயது. இடையில் அம்மா என்றால் சித்தியின் தொலைபேசிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது அடிக்கும். "என்ர குஞ்சு சாப்பிட்டதோ? என்ர குஞ்சு என்ன உடுப்புப் போட்டிருக்கு?" என்று அந்தக் குரல் கேட்கும். அது எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும். கோபப்பட்டதே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் தொலைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு படுப்பேன். அம்மா அதற்குள்தான் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேறு எங்கே இருக்கிறார் என்றும் நினைத்ததில்லை.

அந்தக் கோடையில் நீங்கள் மூன்று வாரம் விடுமுறையில் போனீர்கள். முன்கூட்டியே சொல்லித்தான் போனீர்கள். திரும்பி வந்த முதல் வியாழக்கிழமை நான் வரவில்லை. அடுத்த கிழமை வந்தேன். கதவைத் திறந்தபோது நீங்கள் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தீர்கள். நான் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் போயிருக்கும்.

"கோவமோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை. நீங்கள் வேற ஆள் மாதிரி இருக்கிறியள்."

"அப்ப முந்தின ஆள் எங்க போயிட்டா?"

ஏன் என்று தெரியாது, அந்தக் கேள்விக்கு நான் அழத் தொடங்கிவிட்டேன். உங்கள் தலைமுடிக்காக ஒருவர் அப்படி அழ முடியாது. அழுது முடித்த பிறகு நான் சொன்னது விமான நிலையத்தைப் பற்றி.

நான் வந்த அன்று, அதே விமானத்தில் வந்த தெரிந்த பெண் ஒருவர் என்னைக் கூட்டிவந்தார். கதவு திறந்ததும் வெளியில் நிறைய மனிதர்கள். படங்களில் அம்மாவுக்கு நீளப் பின்னல். அங்கே கட்டை முடியோடு, பெரிய ஜாக்கெட்டுக்குள், கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன ஒருவர் ஓடி வந்து என்னைப் பிடித்தார். அவரில் ஏதோ இயந்திர எண்ணெய் மணத்தது. அவர் சிரிக்கவில்லை, அழுதார். நான் கூட்டிவந்தவரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "இவா அம்மா இல்லை," என்றேன். சத்தமாகச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சத்தமாக வேறெதுவும் சொன்னதில்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு பிறந்தநாள் வீடுகளிலும் சாமத்தியச் சடங்கு வீடுகளிலும் அம்மா இதைப் பகிடியாகச் சொல்வார். "கேக்கிறியளே, ஆறு வருசம் வழக்காடி எடுப்பிச்ச பிள்ளை, என்னைப் பாத்து இவா அம்மா இல்லையெண்டிட்டாள்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கோழிக்கறியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

"அம்மா அதைச் சொல்லேக்க நீர் அவாவின்ர முகத்தைப் பாத்திருக்கிறீரோ?" என்று கேட்டீர்கள்.

பார்த்ததில்லை.

அன்று நேரம் முடிய முன் நீங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினீர்கள். உங்கள் சொற்களை எனக்கு நினைவிருக்கிறபடியே எழுதுகிறேன். "சின்னக் குழந்தைக்கு முதலில ரெண்டு அம்மா. பசிக்கு வாற அம்மா ஒராள். வராமல் விடுற அம்மா இன்னொராள். நல்லவாவைக் காப்பாத்தத்தான் பிள்ளை ரெண்டாப் பிரிச்சு வைக்குது. ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு தெரிய வாற நாளில பிள்ளைக்குச் சந்தோசத்தை விடக் கவலைதான் கூட."

"ஏன் கவலை?"

"கோவிச்சதும் ஆசைப்பட்டதும் ஒரே ஆளிலதானே."

பிறகு நான் நூலகத்தில் அதைப் பற்றித் தேடினேன். பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த ஆங்கிலப் புத்தகங்கள் கடினம். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல்லைக் கைபேசியில் பார்க்க வேண்டியிருந்தது. மனிதருடைய குணம் அவருடைய முதல் உறவுகளில் உருவாகிறது, வளர்ந்த பிறகும் அந்தப் பழைய ஆட்களைப் புதிய ஆட்களின் மேல் வைத்துப் பார்க்கிறோம் என்றெல்லாம் இருந்தது. நான் உங்கள் மேல் வைத்திருந்த கோபத்துக்கும் அதில் ஒரு பெயர் இருந்தது. எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. எனக்கு முன்னரும் யாரோ தன் சிகிச்சையாளரின் தலைமுடியைப் பார்த்து அழுதிருக்கிறார்கள்.

ஆனால் படித்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியில் நின்று, "குப்பையைக் கட்டிப் போடெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்பார். எனக்கு உடனே சித்தியிடம் போய்விட வேண்டும்போல இருக்கும். பதினெட்டாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவணியில் போவதாகச் சித்திக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அடுத்த வியாழன் கதைப்போம் என்றீர்கள்.

அடுத்த வியாழன் நீங்கள் இல்லை.

கிளினிக்கிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் தொலைபேசினார். திடீரென்று நடந்தது, மிகவும் வருந்துகிறோம், வேறொருவரிடம் நேரம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். நான் நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

அன்று பின்னேரம் இணையத்தில் உங்கள் மரண அறிவித்தல் வந்தது. எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயும், இன்னாரின் அருமைச் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும், பெரியம்மாவும், மாமியும் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதர் இத்தனை பேருக்கு இத்தனை முறையாக இருந்திருக்கிறார். நான் அதை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தேன். நான் உங்களுக்கு என்னவாக இருந்தேனோ அதற்கு எங்களிடம் ஒரு சொல் இல்லை.

உங்கள் உடலைப் பார்வைக்கு வைக்கும் நாளில் வர வேண்டும் என்று இருந்தது. தனியாக அந்தக் கூட்டத்துக்குள் வர என்னால் முடியாது. அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை நிறுத்தினார். "நானும் வாறன்," என்றார். வேலையில் ஆளை மாற்றிவிட்டு வந்தார்.

மண்டபத்து வாசலிலேயே ஒரு அன்ரி எங்களைப் பிடித்துக்கொண்டார். "ஆற்ற பிள்ளை நீ? அவாவுக்கு என்ன முறை?" பத்தாம் வகுப்பில் நின்றதுபோலவே நின்றேன். எதையும் உள்ளே வைத்திருக்கத் தெரியாத என் அம்மா, கோயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் என் வயிற்று நோவைக்கூடச் சொல்லிவிடும் அம்மா, என் முன்னால் வந்து நின்றார்.

"எங்களுக்கு வேண்டிய ஆள், அக்கா. எனக்குப் பெரிய உதவி செய்தவா."

"என்ன உதவி?"

"அது பெரிய கதை," என்றுவிட்டு அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

பின்வரிசையில் இருந்தோம். உங்கள் தங்கை பேசினார். "அக்காவுக்கு வாய் ஓயாது. சாப்பிடேக்கயும் கதை, படுத்தாலும் கதை. கடதாசி விளையாட்டில அலாப்புவா, பிடிபட்டால் எங்களைத்தான் கள்ளர் எண்டுவா!" என்றார். மண்டபம் அழுதுகொண்டே சிரித்தது. உங்கள் மகன் பேசினார். உங்களுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் பறக்கும் என்றும், அடுத்த அரை மணித்தியாலத்தில் வந்து மன்னிப்புக் கேட்பீர்கள் என்றும் சொன்னார்.

எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. இவா இல்லை. எனக்குத் தெரிந்தவர் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பவர். எனக்கு உங்களைத் தெரியும், இவர்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள். அந்த எண்ணம் வந்த கணத்திலேயே, இதை நான் முன்பும் ஒரு இடத்தில் நின்று சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது. நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கவில்லை. எனக்கே விளங்கியது.

சீட்டாட்டத்தில் அலாப்புகிறவரும் பாத்திரம் எறிகிறவருமான ஒருவர் எனக்காகத் தன் வாயை அடக்கி வைத்திருந்தார். வியாழக்கிழமை தோறும் அது உங்களுக்கு எவ்வளவு வேலையாக இருந்திருக்கும்! உங்களை அதுவரை பார்த்ததைவிட அப்போது அதிகமாகப் பார்த்தேன். அப்போதுதான் சரியாக அழுதேன். நீங்கள் சொன்னது உண்மை. சந்தோசத்தை விடக் கவலைதான் கூட.

வரிசையில் போய் உங்கள் காலடியில் பூ வைத்தோம். அம்மா உங்களைக் கும்பிட்டுவிட்டுக் கனநேரம் நின்றார். நான் முதல் தடவையாக அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

திரும்பும்போது மார்க்கம் ரோட் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். வெளியில் பனி தூறியது. நான் கேட்டேன்.

"அம்மா, நான் சித்தியோட இருக்கேக்க நீங்கள் எங்க நிண்டு ஃபோன் கதைச்சனீங்கள்?"

"ஏன் இப்ப?"

"சும்மா."

அம்மா ஜன்னலைப் பார்த்தார். நான் இடையில் ஒன்றும் சொல்லவில்லை.

"லோன்ட்ரி ரூமுக்க," என்றார். "வீட்டில ஏழு பேர். ஒராளுக்கு முன்னாலயும் கதைக்கேலாது. சித்தி சொல்லிப்போட்டாள், 'அக்கா, நீ அழுதால் இவள் ரெண்டு நாளைக்குச் சாப்பிடுறாளில்லை, சிரிச்சுக் கதை' எண்டு. மெஷினெல்லாம் சுத்திற நேரமாப் பாத்துப் போவன். முதலில கொஞ்சம் அழுவன். அந்த இரைச்சலுக்க ஒருத்தருக்கும் கேக்காது. பிறகு சிரிச்சுப் பாப்பன். சரியா வந்தாப் பிறகுதான் நம்பரை அடிப்பன்."

அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ சுழலும் சத்தம் இருந்தது. கனடாவில் காற்று அப்படித்தான் வீசும் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அந்தச் சிரிப்புப் பொய்யோ?"

அம்மா யோசித்தார். "முழுக்கப் பொய்யெண்டு இல்லை. நீ கதைச்சிட்டு வைச்சாப் பிறகும் கொஞ்ச நேரம் முகத்தில நிக்கும். அதோடயே உடுப்பை மடிச்சுக்கொண்டு மேல போவன்."

எங்கள் நிறுத்தம் வந்தது. அம்மா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்தவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கிப் பனிக்குள் திரும்பி நடந்தோம். "உனக்கு என்னடி விசர், கண் தெரியாதோ?" என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தார். நடக்கும்போதுதான் ஆவணியில் போகும் திட்டத்தைச் சொன்னேன். அவர் ஏசுவதை நிறுத்தினார். பிறகு, "போறதெண்டால் போ. திரும்பி வாறதுக்கும் சேத்து டிக்கெட் எடு," என்றார். அது கேள்வியா கட்டளையா என்று தெரியவில்லை. நான் ஓம் என்றேன்.

சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

அம்மாவும் நானும் இப்போது நல்ல சிநேகிதிகள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குப்பைக்காக இன்னும் சண்டை வருகிறது. தொலைபேசியில் இருந்தவரும் அடுப்படியில் நிற்பவரும் சில நாள் ஒருவராகத் தெரிகிறார்கள், சில நாள் இல்லை. கிளினிக்கில் வேறொருவரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். அவருடைய அறையில் எந்த மணமும் இல்லை. அவரிடம் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

ஆனால் உங்களிடமிருந்து ஒன்று என்னோடு வந்துவிட்டது. அம்மா எதையாவது சொல்லத் தொடங்கிப் பாதியில் விடுவார், பெரும்பாலும் அந்த ஆறு வருடங்களைப் பற்றி. முன்பு நான் எழுந்து அறைக்குப் போய்விடுவேன். இப்போது போவதில்லை. அவருடைய வசனத்தை நான் முடித்து வைப்பதும் இல்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர்க்கதிரையில் இருந்து காத்திருக்கிறேன். அது எவ்வளவு வேலை என்று இப்போது எனக்குத் தெரியும். நெடுநேரம் ஒன்றும் வராது. பிறகு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்கிறார்.